ஊர்ப் பெயர் சொல்லிக் கட்டு மாற்றிய நாட்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்கு மளிகைச் சாமான் சீட்டும், கோவிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும் பெயர் நட்சத்திரமும்தான். நாலு பேர் முன்னால் பேசவே வராது. நம் சமாஜத்து மலருக்கு ஆஸ்பத்திரியில் இருந்த கதையை எழுதிக் கொடுங்கள், கால் ஒடிந்து கிடப்பவர்கள் வீட்டாருக்கு உபயோகமாக இருக்கும் என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லவும் கூச்சம். அதனால் எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும். மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் மணிகண்டனுக்குக் கொச்சி வல்லார்பாடத்தில் கண்டெய்னர் இறக்கும் இடத்தில் வேலை. மோட்டார் பைக் என்றால் அவனுக்கு உயிர். அவனும் கூட வேலை செய்கிறவர்களும் நேபாளத்தில் இருக்கிற முக்திநாத் வரை பைக்கிலேயே போய்வருவது என்று முடிவு செய்தார்கள். அவன் பெண்டாட்டி பிந்து மஸ்கட்டில் நர்ஸ். அவள் லீவில் வந்து அவன் பின் சீட்டில் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை.

முக்திநாத் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கல்யாணமான காலத்திலிருந்து இருக்கிற ஆசை. அது எட்டாத இடம் என்று யாரிடமும் சொன்னதில்லை. பின் சீட் காலி என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நான் அடுக்களையில் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். நானும் வரட்டுமா என்று வாய் வரை வந்தது. இந்த வயதில் கேட்டால் சிரிப்பார்கள் என்று விழுங்கினேன். அதற்குள் கூடத்திலிருந்து ஒரு குரல்.

"சீட்டு எதுக்குச் சும்மா போகணும்? நான் வரேன் மணி. எனக்கென்ன பேடி, பயமா?"

என் சம்பந்தி. பிந்துவின் அம்மா. பாலக்காட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள்.

புறப்பட்ட அன்று டீச்சர் சுரிதார் போட்டு, முழங்காலுக்குக் காப்பு கட்டி, சிவப்பு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பக்கத்து யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி நின்று போட்டோ எடுத்தாள். வழிக்கு நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன். அதைக்கூட டீச்சர்தான் கை நீட்டி வாங்கினார்.

தரிசனம் நன்றாகக் கிடைத்தது. திரும்பி இறங்கும்போது காசா என்கிற ஊருக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார்கள். அந்த மலையில் ஓடைத் தண்ணீர் அங்கங்கே ரோட்டின் மேலேயே ஓடுமாம். அடியில் இருக்கிற கல்லெல்லாம் பாசி. எதிரே ஒரு ஜீப் வர, மணி முன் பிரேக்கைத் தொட்டிருக்கிறான். முன் சக்கரம் வழுக்கி வண்டி முழுவதும் அவன் காலின் மேல் சாய்ந்தது. டீச்சர் எகிறி மண்மேட்டில் போய் விழுந்தார். அவர் ஹெல்மெட்டில் கீறல், அவ்வளவுதான். போக்ராவில் தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் வண்டியையே தள்ளுகிற காற்று அடிக்குமாம். அதனால் காலையிலேயே அவசரமாக இறங்கியிருக்கிறார்கள். முக்திநாத்தில் நூற்றெட்டுத் தாரையிலும் டீச்சர் இரண்டாவது தடவை குளித்ததால்தான் கிளம்பத் தாமதமாகி, அந்த அவசரம் வந்தது என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். மணி அப்படிச் சொல்லவே இல்லை.

மணிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளேயே ஒடிவதைவிட இது பொல்லாதது. ரோட்டு மண்ணும் ஓடைத் தண்ணீரும் எலும்பு வரை போய்விடும். போக்ராவில் புண்ணைக் கழுவி, காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் ஒன்றைப் பூட்டி அனுப்பினார்கள். எலும்பு அசையாமல் இருக்க, கம்பியைத் தோல் வழியாக எலும்பில் முடுக்கி வெளியே பிடித்து வைப்பது. நெடும்பாசேரி விமான நிலையத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர் டீச்சர். ஊரில் இருந்த நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தால், அவன் "அம்மா, அத்தை இல்லேன்னா நான் இல்லை" என்கிறான். பெற்றவளிடம் சொல்லும் முதல் வார்த்தையா அது?

எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம். அந்த ஆளுக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். கழுத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அது இருந்தால் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். இல்லாதவர்கள் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சேர்க்கிற இடத்தில் இருந்த பெண் "பைஸ்டாண்டர் ஆரா?" என்று கேட்டாள். நான் முந்தானையைச் சரி செய்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறப்பதற்குள் டீச்சர் "ஞான் தன்னே" என்று சொல்லிவிட்டார்.

மணியும், "அத்தை இருக்கட்டும்மா. டாக்டர் என்ன கேட்டாலும் அத்தைக்கு அறியும்" என்றான்.

பைக்கின் பின் சீட்டும் அவருக்கு. கட்டில் பக்கத்து நாற்காலியும் அவருக்கு. எனக்கு வராந்தா பெஞ்சு.

தினமும் காலையில் மட்டாஞ்சேரியிலிருந்து படகு பிடித்துப் போவேன். பெஞ்சில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை. நாலு கட்டில் போட்ட அறை, மணியின் கட்டில் வாசலை ஒட்டி. நடுவில் பச்சைத் திரை. சிஸ்டர்மார் திட்டவில்லை, "அம்மச்சி அவிடெ இருந்நோட்டே" என்று விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு ஆயிஷாத்தா கஞ்சியும் பயறும் கொடுத்தனுப்புவார். நான் மிளகு ரசம் வைத்துப் பிளாஸ்க்கில் கொண்டுபோவேன். பிளாஸ்க்கை டீச்சர் வாசலில் வந்து வாங்கிக்கொள்வார். உள்ளே போய் அவர் ஊற்றிக் கொடுப்பார். "ரசம் கேமமாயிருக்கு அத்தை" என்று மணி சொல்வது கேட்கும். வைத்தவள் நான் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் வயிறு எரியத்தான் செய்தது.

புண்ணில் சீழ் வைத்துவிட்டது. சீழைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, அந்தக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்கள். முடிவு வர நாளாகும். அதுவரை கெட்டுப்போன சதையைச் செதுக்கி எடுத்து, பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து மூடி, குழாய் போட்டு, ஒரு சின்ன இயந்திரம் அழுக்குநீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இயந்திரத்துக்குத் தனி வாடகை. பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். பிந்து அனுப்பினாள், அவன் கூட்டாளிகளும் கைகொடுத்தார்கள். கிருமி எலும்பின் மஜ்ஜைக்குள் இறங்கிவிட்டால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் வந்து என்னிடம் சொன்னார். என் மகன் காலைப் பற்றி எனக்கு இன்னொருவர் வாயால் செய்தி.

ஒன்று விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுவார்கள். ஊசி போட்டாலும் அந்த வலி முழுக்க அடங்காது. முதல் தடவை மணி கத்தியதில் வராந்தாவில் போனவர்கள் நின்றார்கள். உடனே டீச்சரின் குரல், வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்:

"காசா!"

"பாசிக்கல்லு," என்றான் மணி, மூச்சு வாங்க. "முன் பிரேக்கைத் தொடக் கூடாது."

"தாதோபானி!"

"வளவு, திரும்பற இடம். பஸ்ஸுகாரன் நிக்க மாட்டான். ஹாரன் அடிக்கணும்."

"பேனி!"

"மேலேந்து... அய்யோ அத்தை... மேலேந்து கல்லு விழும்."

"போக்ரா!"

"மஞ்சு மூடிக்கும். லைட் போடணும்."

விழுந்த இடத்தில் வண்டி வரும்வரை அவன் மயங்கிவிடாமல் இருக்க டீச்சர் செய்த ஏற்பாடாம் இது. அங்கிருந்து வீடுவரை ஊர் ஊராகத் திரும்பி வருவது. ஒவ்வொரு ஊருக்கும் அங்கே ரோட்டில் என்ன ஆபத்து என்று அவன் சொல்ல வேண்டும். புட்வலில் பாதி போட்ட ரோடும் புழுதியும். சுனாலி எல்லையில் லாரி வரிசை. கோரக்பூரில் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. ஜபல்பூர் தாண்டினால் காடு, குறுக்கே மான். நாக்பூரில் கிழிந்து கிடக்கும் லாரி டயர். ஹைதராபாத்தில் எதிர்த் திசையில் வரும் ஸ்கூட்டர். கர்னூலில் ரோட்டிலேயே சோளம் காயப்போட்டிருப்பார்கள், சக்கரம் உருண்டுவிடும். பெங்களூரில் கண்ணாடி பார்க்காமல் திரும்புகிற கார். சேலம் வரும் முன்னே தொப்பூர் இறக்கம், பிரேக் பிடிக்காத லாரி. வாளையாரில் பக்கக் காற்று. குதிரான் சுரங்கத்தில் கண் இருட்டும். அப்புறம் ஆலுவா, குண்டனூர் பாலம், வெலிங்டன் தீவு, தோப்பும்படி. வீடு வருவதற்குள் கட்டும் மாற்றி முடிந்திருக்கும்.

திரைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நான் போகாத ரோடு, எனக்கு எதற்கு என்று கேட்பார்கள்.

பிந்து போனில் என்னிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தாள். தலை அடிபட்டால் படத்தில் முதலில் ஒன்றும் தெரியாமல், வாரக்கணக்கில் கழித்தும் வரலாம். எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ பேச்சு மாறினாலோ சொல்லுங்கள், அவளே ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று. கவனிக்க என்னைவிட ஆள் வேண்டுமா? அந்த நாற்காலியில் அவர் எப்படிச் சாய்கிறார், எத்தனை தடவை அவன் நெற்றியைத் தொடுகிறார் என்பதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயா டம்ளர் டீச்சரின் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. இன்னொரு நாள் கேன்டீனிலிருந்து வரும்போது இடது கால் செருப்பு வழியில் கழன்று கிடக்கிறது, அது தெரியாமலே அவர் நடந்து வருகிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. டீச்சருக்கும் வயதாகிறது, பார்க்கட்டும் மணி என்று நினைத்தேன்.

அடுத்த கட்டு மாற்றும்போது அவர் கோரக்பூரை இரண்டு தடவை சொன்னார். ஜபல்பூரிலிருந்து நேராகச் சேலத்துக்குத் தாவினார்.

"அத்தை, நாக்பூர் எங்கே போச்சு?"

"சொன்னேனே."

"இல்லை அத்தை, சொல்லலை."

"சொன்னேண்டா! காது கேக்கலையா?"

டீச்சர் அவனிடம் அப்படிச் சீறி நான் கேட்டதே இல்லை. அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இடது கை டம்ளர், இடது கால் செருப்பு, இப்போது நாக்பூர். பிந்து சொன்னது இதைத்தான். எழுந்து சிஸ்டர்மார் மேசைக்குப் போனேன். அத்தனை நாளில் அவர்களிடம் நான் வாய் திறந்ததில்லை.

"சிஸ்டரே, டீச்சருக்கு என்னமோ ஆகியிருக்கு. தலை அடிபட்டவர். இடது பக்கம் தளருது. படம் எடுக்கணும்."

சிஸ்டர் வந்து டீச்சரைக் கையை நீட்டச் சொன்னாள். இடது கை மெல்லக் கீழே இறங்கியது. டீச்சருக்குக் கோபம்.

"எனக்கொண்ணுமில்லை சிஸ்டர். சம்பந்தியம்மாவுக்கு இந்த நாற்காலி வேணும். வந்த நாள்லேந்து அதுலேயே கண்ணு. அதான் விஷயம்."

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மற்றக் கட்டில்காரர்கள், அவர்களுடைய பைஸ்டாண்டர்கள், மணி. வேறு நாளாக இருந்தால் நான் அப்படியே படகேறிப் போயிருப்பேன்.

"ஆமா டீச்சர், வேணும்," என்றேன். "நீங்க போய்ப் படம் எடுத்துட்டு வாங்க. அப்புறம் சண்டை போடலாம்."

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் சிறு இரத்த நரம்பு ஒன்று அறுந்து, இரத்தம் துளித்துளியாகச் சேர்ந்து, வலது பக்கம் மூளையை அமுக்கிக்கொண்டிருந்ததாம். வலது பக்கம் அமுங்கினால் இடது கை கால் தளரும். மண்டையில் சின்னத் துளை போட்டு அதை வடித்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை டாக்டர் என்னிடமே சொன்னார். அன்று சாயங்காலமே ஆபரேஷன். அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கழுத்து அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

நாற்காலி கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்தேன். பெஞ்சைவிட அப்படியொன்றும் சுகமில்லை.

ஒரு நாள் விட்டுக் கட்டு மாற்ற வந்தார்கள். மணி கண்ணை மூடிக்கொண்டு, "அத்தை எப்போ வருவா?" என்றான். குழாயைக் கழற்றியதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் இருக்கிறார், சிஸ்டர் இரண்டு பேர், எல்லார் முன்னாலும் நான் என்ன பேசுவது? அவன் கத்தினான்.

"காசா," என்றேன்.

கண்ணைத் திறந்தான்.

"காசா, மணி. பாசிக்கல்லு."

"நீ எப்படிம்மா அறிஞ்சே?"

"வெளியில எனக்கு வேற என்ன வேலை? தாதோபானி. சொல்லு."

சொன்னான். ஒவ்வொரு ஊராகக் கூட்டிக்கொண்டு வந்தேன். கம்பியை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். சேலம் வந்ததும், "அத்தை இங்கே ஒரு தமாஷ் சொல்லுவா" என்றான். அந்தத் தமாஷை டீச்சர் எப்போதும் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார், என் பெஞ்சு வரை கேட்டதில்லை. வலியிலும் அவனுக்கு அந்த நினைப்பு. நான் அடுத்து வாளையார் என்றேன்.

அன்றைக்குத்தான் சீழ் சோதித்த முடிவும் வந்தது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று தெரிந்துவிட்டது. மருந்தை மாற்றினார்கள். ஜுரம் இறங்கியது.

டீச்சர் பெண்கள் பகுதியில் கிடந்தார். பாதித் தலை மழித்து, கட்டுப் போட்டு, சின்ன முகமாக இருந்தார். கை காலில் பலம் திரும்பிவிட்டது. என்னைப் பார்த்ததும் அழுதார்.

"ஊரெல்லாம் கலைஞ்சு போச்சு சம்பந்தியம்மா. சேலத்துக்கு அப்புறம் பேனி வருது. மணிக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?"

கொஞ்ச நாளில் எல்லாம் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்குப் பொறுமை இல்லை. "உங்களுக்குப் பாடமாமே. மணி சொல்லி அனுப்பினான். எனக்குச் சொல்லித் தாங்க" என்று என் கையைப் பிடித்தார். அதுவரை அது எனக்கும் மணிக்கும் மட்டும் உள்ளதாக இருந்தது, ஒரே ஒரு கட்டு மாற்றும் நேரத்துக்கு. கொடுக்க மனதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி அவர் திருப்பிச் சொன்னார். காசா, தாதோபானி, பேனி, ஒவ்வொன்றாக, ஹைதராபாத்வரை. அப்புறம் பெங்களூரு என்றேன். கர்னூலைச் சொல்லவில்லை. மறந்து போய் விடவில்லை.

கட்டு மாற்றும் நேரம் டீச்சர் வீல்சேரில் மணியிடம் வர டாக்டர் சம்மதித்தார். சிஸ்டரிடம் போய்க் கேட்டவள் நான்தான். மணி அத்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தான், என்ன செய்வது? வீல்சேர் நுழைய இடமில்லை என்று நாற்காலியை எடுத்து வராந்தாவில் போட்டார்கள். நாற்காலியும் நானும் மறுபடியும் வெளியே. திரையை இழுத்தார்கள்.

டீச்சரின் குரல் மெலிந்திருந்தாலும் அதே குரல்தான். காசாவிலிருந்து இறங்கினார்கள். எல்லையைத் தாண்டினார்கள். மணி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நாக்பூரில் டீச்சர் "பாரு, இப்போ சொல்லிட்டேன்" என்றார், அவன் சிரித்தான். புண் உள்ளே கருப்பு இல்லாமல் சிவப்பாக வந்துவிட்டது, இனி கால் தப்பிக்கும் என்று டாக்டர் சொல்வதும் கேட்டது. என் கண்ணில் நீர் வந்தது. அந்த நேரத்திலும் திரைக்கு உள்ளே அவர், வெளியே நான் என்பது மறக்கவில்லை.

"ஹைதராபாத்!"

"எதிர்ல ஸ்கூட்டர்."

"பெங்களூரு!"

"நடுவில ஒண்ணு உண்டே அத்தை."

"எனக்கு நினைவில்லையே மோனே," என்றார் டீச்சர்.

"அம்மா!" மணி திரைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான். "அம்மா, எந்த ஊரு?"

நான் உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தேன்.

"அம்மா, இருக்கியா?"

"கர்னூல்," என்றேன், வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "சோளம் காயுது. மெதுவா வா."

பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணில் ஒட்டினார்கள். கம்பிச் சட்டத்தை எடுத்துவிட்டு எலும்புக்குள்ளேயே கம்பி வைத்தார்கள். மணி இப்போது கோல் ஊன்றிப் படகு ஜெட்டிவரை நடக்கிறான். டீச்சருக்கு முடி வளர்ந்துவிட்டது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என் ரசத்தில் உப்பு குறைவு என்று நேற்றுகூடச் சொன்னார்.

ஊர்களின் வரிசையும் ரோட்டு விவரமும் டாக்டர் சொன்னதும் சரியாக எழுதியிருக்கிறேனா என்று யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். மணிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, மலையாளம்தான். அந்த ரோட்டில் போனவர், தமிழும் படிப்பவர் டீச்சர் ஒருவர்தான். அவரிடமே கொடுங்கள். படித்தால் கர்னூல் விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். மற்றதையெல்லாம் அவர் இஷ்டம்போல் திருத்தட்டும், அந்த இடத்தில் மட்டும் பேனா வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.